தீயும் ஒலியும் கைகோத்தால்: ராக்கெட் எஞ்சினில் எரிதல் நிலையின்மை



சுங்கை சிப்புட் பக்கம் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து, இப்போது செம்பனை ஏறிவிட்ட ஓர் இடம். அங்கே ஒரு பழைய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். ஒருநாள் இடைவேளையில் ராக்கெட் எஞ்சின் சோதனைக் காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தீ சீராகத்தான் வந்துகொண்டிருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் எஞ்சின் சிதறிப்போனது.

"எண்ணெய் லீக் ஆச்சா சார்?"

"இல்லை."

"யாராச்சும் குண்டு வச்சாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். "குண்டு வைக்கிற கதை அப்புறம் வருது. இது வெடிச்சதுக்குக் காரணம் சத்தம்" என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது. சத்தம் எப்படி இரும்பை உடைக்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்றைய வகுப்பை அப்படியே இங்கே எழுதித் தருகிறேன். படிவம் நான்கில் அலைகள் பாடத்தில் வரும் தணிவு, ஒத்ததிர்வு இரண்டையும் நடத்தும்போது இது கைகொடுக்கும். எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்குக் குழாய்களில் நிலை அலை பாடத்துக்கும் உதவும்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

திரவ எரிபொருள் ராக்கெட்டில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்றில் எரிபொருள், இன்னொன்றில் அது எரியத் தேவையான ஆக்சிகரணி. இரண்டையும் பம்புகள் பேரழுத்தத்தில் தள்ளுகின்றன. எரியறையின் வாயிலில் 'இன்ஜெக்டர்' இருக்கிறது. நூற்றுக்கணக்கான நுண்துளைகள் கொண்ட பகுதி அது. குளியலறை ஷவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரவம் அந்தத் துளைகள் வழியே பீய்ச்சி, துளிகளாக உடைந்து, ஆவியாகி, கலந்து, எரிகிறது. உண்டாகும் சூடான வாயு கூம்புக்குழல் வழியே வெளியே பாய்கிறது. ராக்கெட் எதிர்த்திசையில் போகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். துளையை விட்டு வந்த துளி உடனே எரிந்துவிடுவதில்லை. உடைய, ஆவியாக, கலக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனால் அந்தத் தாமதத்தில்தான் விஷயமே இருக்கிறது.

எரியறை என்பது வாயு நிறைந்த ஒரு பாத்திரம். புல்லாங்குழலுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் இயல்பான அதிர்வெண் இருப்பதுபோல எரியறைக்கும் உண்டு. அளவில் சிறியதென்றால் அதிர்வெண் கூடும், பெரியதென்றால் குறையும். ஆக, ஒரே பாத்திரத்துக்குள் பெருந்தீயும் இருக்கிறது, ஒலி முன்னும் பின்னும் மோதி நிலை அலையாக நிற்கவும் இடம் இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கத் தொடங்கினால் அதற்குப் பெயர்தான் எரிதல் நிலையின்மை.

ஏணையும் மைக்கும்

நம் வீடுகளில் குழந்தைக்குக் கைலியில் ஸ்பிரிங் ஏணை கட்டுவோம் இல்லையா? அம்மா பெரிய பலம் ஒன்றும் போடுவதில்லை. ஏணை கீழே வரும் நேரம் பார்த்து ஒரு விரலால் லேசாக இழுத்துவிடுகிறார். சரியான நேரத்தில் இழுத்தால் ஆட்டம் கூடும். நேரம் தப்பி இழுத்தால் ஏணை தடுமாறி நின்றுவிடும். ஆட்டம் கூடுவதும் குறைவதும் பலத்தைவிட நேரத்தைப் பொறுத்தது.

ஆனால் ஏணையை ஆட்ட வெளியே ஓர் ஆள் வேண்டும். எஞ்சினுக்குள் யார் இருக்கிறார்கள்? இங்கேதான் மாணவர்கள் தடுமாறுவார்கள். அதற்கு இரண்டாவது உதாரணம் பள்ளி மண்டபத்து மைக். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் 'கீய்ங்' என்று கத்துமே, யாராவது பேசினார்களா? யாரும் பேசவில்லை. மண்டபத்தில் இருந்த சின்னஞ்சிறு சலசலப்பு மைக்குக்குள் போய், பெருக்கப்பட்டு, ஸ்பீக்கர் வழியே வந்து, மறுபடி மைக்குக்குள் போகிறது. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு மாதிரி ஒரு வட்டம். இதைப் பின்னூட்டம் என்கிறோம்.

எரியறையிலும் இதே வட்டம்தான். அழுத்தத்தில் ஒரு சிறு ஏற்றம் வருகிறது. அது துளிகள் உடையும் விதத்தையும், ஆவியாகும் வேகத்தையும், திரவம் உள்ளே வரும் அளவையும் மாற்றுகிறது. அதனால் சற்று நேரம் கழித்து வெப்பம் கூடுதலாக வெளிப்படுகிறது. அந்தக் கூடுதல் வெப்பம், அடுத்த அழுத்த ஏற்றம் வரும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தால் ஏற்றம் இன்னும் பெரிதாகும். மைக் நெருப்பு, ஸ்பீக்கரும் நெருப்பு.

இந்த நேரக் கணக்கை 1878-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு தெளிவாகச் சொன்னார். அவர் கருத்தை இப்படிச் சுருக்கலாம்: வாயு மிக நெருக்கப்பட்டிருக்கும் கணத்தில் வெப்பம் கொடுத்தால் அதிர்வு வளரும், வாயு விரிந்திருக்கும் கணத்தில் கொடுத்தால் அதிர்வு தணியும். ராக்கெட் எஞ்சின்கள் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதிய விதி. இன்றும் எஞ்சின் வடிவமைப்பாளர்கள் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வகுப்பறையில் செய்து காட்ட: பாடும் குழாய்

1859-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ரைக் என்பவர் கண்ட சோதனை இது. செலவு குறைவு.

1. சுமார் 80 சென்டிமீட்டர் நீளமும் 4 அல்லது 5 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள இரும்புக் குழாய். இரு முனையும் திறந்திருக்க வேண்டும்.
2. எஃகுக் கம்பிவலையை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, குழாய்க்குள் கீழ் முனையிலிருந்து கால் பங்கு உயரத்தில், அதாவது 20 சென்டிமீட்டரில், இறுக்கமாகச் செருகுங்கள்.
3. குழாயைத் தாங்கியில் செங்குத்தாகப் பொருத்தி, கீழிருந்து பன்சன் அடுப்பால் வலை சிவக்கும்வரை சூடாக்குங்கள்.
4. அடுப்பை விலக்குங்கள். குழாய் பாடத் தொடங்கும்.

பாதுகாப்பு: துத்தநாகம் பூசிய வலையோ குழாயோ வேண்டாம், சூடானால் கெட்ட புகை வரும். தடித்த கையுறை கட்டாயம். குழாய் ஆறிவிட்டது என்று நினைத்து யாரும் தொடக்கூடாது. சோதனையை ஆசிரியரே செய்யட்டும்.

உண்மையைச் சொல்கிறேன், நான் முதல் தடவை செய்தபோது குழாய் பாடவே இல்லை. வலையை நடுவில் செருகியிருந்தேன். பிள்ளைகள் மரியாதைக்காக அமைதியாக இருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்க சார்" என்றாள். தள்ளினேன். கப்பல் சங்கு மாதிரி ஓர் ஓசை எழுந்து, வெளியே படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது.

நடுவில் ஏன் பாடவில்லை? இரு முனையும் திறந்த குழாயில் அழுத்த ஏற்ற இறக்கம் நடுவில்தான் அதிகம். ஆனால் அங்கே ஒலி அலையால் காற்று முன்பின் நகர்வதில்லை. காற்று அசையாவிட்டால் வலை தரும் வெப்பமும் ஏறி இறங்காது. கால் பங்கு உயரத்தில் அழுத்த மாற்றமும் உண்டு, காற்றசைவும் உண்டு. சூட்டால் காற்று ஏற்கெனவே மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. காற்று நடுவை நோக்கி நெருங்கும்போது, கீழ்ப்பாதியில் அலையின் அசைவும் மேல்நோக்கியே இருக்கும். இரண்டும் சேர்ந்து வலைமேல் வேகமாகப் பாய, வெப்பம் கூடுதலாக இறங்குகிறது. சிறு தாமதத்தோடு, நெருக்கம் உச்சத்தில் இருக்கும் நேரத்தை ஒட்டி வந்து சேர்கிறது. ரேலி சொன்ன நேரம் அதுதான்!

அதே வலையை மேல்பாதியில் வைத்துப் பாருங்கள். அங்கே நடுவை நோக்கி நெருங்குவது என்றால் கீழ்நோக்கி வருவது. மேலே போகும் காற்றை அது எதிர்க்கும். நெருக்கத்தின்போது வெப்பம் குறையும். குழாய் வாய் திறக்காது. பாடிக்கொண்டிருக்கும் குழாயைக் கிடையாகச் சாய்த்தால் காற்றோட்டம் நின்று பாட்டும் நிற்கும். வலை சூடாக இருக்கும்போதே நிமிர்த்தினால் மறுபடி பாடும். நெருப்பு அதே, குழாய் அதே, வலை அதே. மாறியது நேரமும் இடமும் மட்டுமே.

மூன்று விதக் கோளாறு

எஞ்சின் நூல்களில் இதை அதிர்வெண்ணை வைத்துப் பிரிப்பார்கள்.

முதலாவது, சில நூறு ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வு. எரியறை அழுத்தமும் எரிபொருள் குழாய்களில் வரும் ஓட்டமும் ஒன்றையொன்று தள்ளுவதால் வருவது. பழைய மோட்டார் படகு 'டுக் டுக்' என்று இழுப்பது மாதிரி. இன்ஜெக்டர் துளைகளின் குறுக்கே அழுத்த வேறுபாட்டைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

இரண்டாவது, 400 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான இடைநிலை ரீங்காரம்.

மூன்றாவதுதான் எமன்: 1000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கிறீச்சொலி. எரியறையின் சொந்த நிலை அலையோடு தீ கைகோத்துக்கொள்வது. சுவரை ஒட்டி இருக்கும் மெல்லிய குளிர்ந்த படலத்தை இந்த அலை துடைத்தெடுத்துவிடும். அப்புறம் வெந்தழல் நேராக உலோகத்தைத் தொடும். ஒரு விநாடி முடிவதற்குள் இன்ஜெக்டரும் சுவரும் உருகிவிடலாம். பெரிய எஞ்சின்களில் இந்த அலை 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வரலாம், ஏனென்றால் அறை பெரியது.

எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதிர்வெண் 1400 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு 5 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 சுற்றுகளில் வீச்சு பத்து மடங்காகிவிடும். 48 சுற்றுக்கு ஆகும் நேரம் 48 ÷ 1400, அதாவது சுமார் 0.034 விநாடி. மனிதர் பட்டனை அழுத்தி நிறுத்த இயலுமா? கண் இமைக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

1980: ஒரு தோல்வியும் நம் தமிழ்நாட்டு மலையடிவாரமும்

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டின் முதல் பயணம் 1979 டிசம்பர் 24-இல் வெற்றி. அடிக்கட்டத்தில் நான்கு 'வைக்கிங்' எஞ்சின்கள். அதே வகை எஞ்சின்களோடு 1980 மே 23-இல் இரண்டாவது ராக்கெட், தென் அமெரிக்காவில் இருக்கும் கூரூ தளத்திலிருந்து கிளம்பியது. நான்கில் ஓர் எஞ்சினில் உயர் அதிர்வெண் நிலையின்மை தொற்றியது. இரண்டு நிமிடம் ஆவதற்குள் ராக்கெட் அழிந்தது. அதில் இருந்த செயற்கைக்கோள்களும் போயின.

மாணவர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். டிசம்பரில் ஒழுங்காக ஓடிய அதே வடிவம்தான் மே மாதத்தில் ஏமாற்றியது. 'போன தடவை ஓடிச்சு' என்பது நிலைத்தன்மைக்குச் சான்று ஆகாது.

பொறியாளர்கள் இன்ஜெக்டரைத் திருத்தினார்கள். எரிபொருளையும் மாற்றினார்கள்: டைமெத்தில் ஹைட்ரசின் வகை எரிபொருளோடு கால் பங்கு ஹைட்ரசின் ஹைட்ரேட் சேர்த்த கலவை வந்தது. 1981 ஜூன் 19-இல் மூன்றாவது ஏரியன் வெற்றிகரமாகப் பறந்தது. அதில் ஏறிப்போனது யார் தெரியுமா? இந்தியாவின் 'ஆப்பிள்' செயற்கைக்கோள். மாட்டு வண்டியில் வைத்துச் சோதித்த அந்தப் புகழ்பெற்ற படத்தில் இருப்பது இதுதான். இந்தியாவின் முதல் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் சோதனை, ஒரு சத்தத்தை அடக்கிய பிறகே விண்ணேறியது.

வைக்கிங் எஞ்சினுக்கும் தமிழ்நாட்டுக்கும் இன்னும் நெருங்கிய உறவு உண்டு. 1974-இல் பிரான்சுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இஸ்ரோ பொறியாளர்கள் அங்கே போய் வேலை செய்து இந்த எஞ்சின் தொழில்நுட்பத்தைக் கற்றார்கள். நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் அந்த முயற்சியில் முன்னின்றவர். அதிலிருந்து உருவானதே 'விகாஸ்' எஞ்சின். 1985-இல் பிரான்சின் வெர்னோன் நகரில் அது வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. பிறகு திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள மகேந்திரகிரியில்தான் இந்த எஞ்சின்கள் நிறுத்தி எரித்துப் பார்க்கப்படுகின்றன.

2008-இல் சந்திரயான்-1, 2013-இல் மங்கள்யான் இரண்டையும் ஏற்றிச் சென்ற பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் ஒரு விகாஸ் உண்டு. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3-ஐத் தூக்கிய எல்.வி.எம்.3 ராக்கெட்டில் இரண்டு விகாஸ். ஒவ்வொன்றும் வெற்றிடத்தில் சுமார் 800 கிலோ நியூட்டன் தள்ளும். உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு. அந்த 60-இல் ஏற்ற இறக்கம் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் 'சீரான எரிதல்' என்பார்கள். யோசித்துப் பாருங்கள், 5 விழுக்காடு என்பதே மூன்று வளிமண்டல அழுத்தம்!

இப்போ அந்தக் குண்டு கதை

1962-இல் அமெரிக்கா நிலவுக்குப் போக எஃப்-1 எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும். ஒரே எஞ்சின் தரும் உந்துவிசை சுமார் 6,700 கிலோ நியூட்டன். அவ்வாண்டு ஜூன் 28-இல் ஓர் எஞ்சின் சோதனை மேடையில் நிலையின்மையால் அழிந்தது. கணினியில் போட்டுப் பார்க்க அன்றைக்கு வழியில்லை. ஏறத்தாழ 2000 முழு அளவுச் சோதனைகள் நடந்தன.

அதில் ஒரு முறைதான் குண்டு. எஞ்சின் முழு வேகத்தில் எரியும்போது எரியறைக்குள் வேண்டுமென்றே ஒரு சிறு வெடியை வெடிப்பார்கள். அழுத்தம் தாறுமாறாக எகிறும். பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார்கள்: எஞ்சின் தானாக அடங்குகிறதா, எவ்வளவு நேரத்தில்? இன்ஜெக்டர் முகத்தில் தடுப்புத் தகடுகள் வைத்து அதை 13 அறைகளாகப் பிரித்து, துளைகளின் அளவையும் கோணத்தையும் மாற்றி மாற்றி, கடைசியில் 0.1 விநாடிக்குள் அடங்கும் எஞ்சின் கிடைத்தது. சாட்டர்ன்-5 ராக்கெட்டுகள் 13 முறை பறந்தன. தலா ஐந்து எஞ்சின். அந்த 65-இல் ஒன்றுகூடப் பறக்கும்போது பழுதாகவில்லை.

'குண்டு வச்சாங்களா' என்று கேட்ட மாணவனிடம் இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஆமாண்டா, வச்சாங்க. உடைக்கிறதுக்கு இல்ல, உடையாதுன்னு தெரிஞ்சுக்க."

அடக்கும் வழிகள், சுருக்கமாக

தடுப்புத் தகடுகள்: பெரிய அறையைச் சிறு அறைகளாக்கி, பக்கவாட்டு அலை நிற்க இடமில்லாமல் செய்கின்றன.

ஒலி உறிஞ்சும் குழிகள்: எரியறைச் சுவரில் போத்தல் வடிவில் சிறு பொந்துகள். குறிப்பிட்ட அதிர்வெண்ணின் ஆற்றலை இவை வாங்கித் தின்றுவிடும்.

இன்ஜெக்டர் மாற்றம்: துளி அளவும் எரியும் இடமும் மாறினால் தாமதம் மாறும், வெப்பம் தப்பான நேரத்தில் வரும். இங்கே தப்பான நேரம்தான் நமக்கு நல்ல நேரம்.

எரிபொருள் மாற்றம்: ஏரியன் கதையில் பார்த்தது.

தேர்வில் மாணவர்கள் செய்யும் தவறுகள்

ஒன்று, 'ஒத்ததிர்வு' என்று ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டுப் போவது. ஒத்ததிர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தூண்டல் வேண்டும். எரியறையிலோ தூண்டுவதும் துலங்குவதும் ஒன்றே. 'தன்னைத் தானே தூண்டும் அதிர்வு' என்று சேர்த்து எழுதுங்கள்.

இரண்டு, எரிபொருள் அதிகமானதால் வெடித்தது என்று எழுதுவது. எரிபொருள் சராசரியாக அதே அளவுதான். வெப்பம் வெளிப்படும் நேரம்தான் மாறியது.

மூன்று, தணிவு என்றாலே நஷ்டம் என்று நினைப்பது. இங்கே தணிவுதான் உயிர் காக்கிறது.

பயிற்சி

1. இரு முனையும் திறந்த 0.80 மீட்டர் குழாய், ஒலி வேகம் விநாடிக்கு 340 மீட்டர். அடிப்படை அதிர்வெண் என்ன? விடை: 340 ÷ (2 × 0.80) = 212.5 ஹெர்ட்ஸ். பாடும் குழாயில் அளந்தால் இதைவிடச் சற்றுக் கூடுதலாக வருவது ஏன்? விடை: சூடான காற்றில் ஒலி வேகம் கூடும்.

2. ஓர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு 5 விழுக்காடு குறைகிறது. அதிர்வெண் 1400 ஹெர்ட்ஸ். வீச்சு பத்தில் ஒரு பங்காக எவ்வளவு நேரம் ஆகும்? விடை: சுமார் 45 சுற்று, அதாவது ஏறத்தாழ 0.032 விநாடி.

3. உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி: எஞ்சின் 'அ' 200 விநாடி சிக்கலின்றி ஓடியது. எஞ்சின் 'ஆ' ஓடும்போது உள்ளே சிறு வெடி வெடிக்கப்பட்டு 0.05 விநாடியில் அடங்கியது. மனிதரை ஏற்ற எதைத் தேர்ந்தெடுப்பீர்? ஏன்?

மாதிரி விடை: 'ஆ'. 'அ'வில் பெரிய குலுக்கல் எதுவும் ஏற்படவில்லை. ஏற்பட்டால் வளருமா தணியுமா என்று அந்தச் சோதனை காட்டவில்லை. 'ஆ'வில் குலுக்கல் ஏற்படுத்தப்பட்டு, அது தணிவதும் அளக்கப்பட்டது. 1980 ஏரியன் தோல்வியை எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம்.

இந்த மூன்றாம் கேள்வியைத் தயவுசெய்து வகுப்பில் விடாதீர்கள். இந்தியா மனிதரை விண்ணுக்கு அனுப்பத் தயாரிக்கும் ககன்யான் திட்டத்தில் மனிதர் அமரும் ராக்கெட்டும் விகாஸில்தான் ஏறப்போகிறது. அதற்காக 2021 ஜூலை 14-இல் மகேந்திரகிரியில் விகாஸ் தொடர்ந்து 240 விநாடி எரித்துப் பார்க்கப்பட்டது. ஆகவே, 'அடங்குமா?' என்ற கேள்வி இனி வெறும் இரும்பைப் பற்றியது இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது.

அன்று வகுப்பு முடிந்து மண்டபத்தைப் பூட்டும்போது அந்த மாணவன் கேட்டான்: "அடுத்த வாரம் அந்தக் குழாயை நானே பாட வைக்கட்டுமா சார்?" கையுறை போட்டுக்கொண்டு, நான் பக்கத்தில் நிற்க, வலையை எங்கே வைப்பது என்று அவனே முடிவு செய்யட்டும் என்றிருக்கிறேன். தப்பான இடத்தில் வைத்தாலும் பரவாயில்லை. ஏன் பாடவில்லை என்று அவன் சொல்லிவிட்டால், பாடம் புரிந்தது என்று அர்த்தம்.